சிரியஸ்: ஒரு நட்சத்திரப் பெயரின் பழங்கதை (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

பள்ளி மைதானங்களிலும் மொட்டை மாடிகளிலும் தொலைநோக்கியை நிறுத்தி வானம் காட்டுவது என் வழக்கம். சிரியஸ் பக்கம் கருவியைத் திருப்பியதும் வரும் கேள்விகளில் பாதிக்குமேல் அதன் பெயரைப் பற்றியவை. ஒரே சந்தேகங்களைத் திரும்பத் திரும்பக் கேட்டதால் இங்கே தொகுத்துவிட்டேன். கேள்விகள் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இருக்கின்றன. எளியவை முதலில், போகப் போகச் சிக்கல் கூடும்.

சிரியஸ் என்பது எது? வெள்ளியைத்தான் சொல்கிறீர்களா?

இல்லை. வெள்ளி ஒரு கிரகம், சிரியஸ் ஒரு நட்சத்திரம். இரவு வானில் தெரியும் நட்சத்திரங்களில் இதைவிட ஒளி மிகுந்தது வேறில்லை. இதன் ஒளி அளவு மைனஸ் 1.46 (எண் குறையக் குறைய ஒளி கூடும்), தொலைவு 8.6 ஒளியாண்டு. வெள்ளியும் வியாழனும் இதைவிடப் பிரகாசமாகத் தெரியும் என்பதால்தான் குழப்பம். வெள்ளி சூரியனை விட்டு அதிகம் விலகாது. நம் ஊரில் நடுநிசி வானத்தில் அதைப் பார்க்க முடியாது.

சிரியஸைக் கண்டுபிடிக்க ஓரியன் என்ற நட்சத்திரக் கூட்டத்திலிருந்து தொடங்குங்கள். மார்கழி, தை மாதங்களில் முன்னிரவில் கிழக்கே மூன்று நட்சத்திரங்கள் ஒரே வரிசையில் நெருங்கி நிற்கும். அந்த வரிசையைக் கீழ்நோக்கித் தென்கிழக்காக நீட்டினால் சிரியஸில் போய் முட்டும். மேல்நோக்கி நீட்டினால் செம்மஞ்சளாக ரோகிணி தெரியும். ஆங்கிலப் புத்தாண்டு இரவில் ஏறக்குறைய பன்னிரண்டு மணிக்குச் சிரியஸ் உச்சத்தைத் தொடும். சென்னையில் அப்போது அது தெற்கே 60 டிகிரி உயரத்தில் இருக்கும்.

சிரியா நாட்டின் பெயரோடு இதற்குச் சம்பந்தம் உண்டா? 'நிலைமை சீரியஸ்' என்கிறோமே, அதுவா?

இரண்டுமே இல்லை. சிரியா என்பது அசீரியா என்ற பழைய பேரரசின் பெயர் தேய்ந்து வந்தது. ஆஸ்பத்திரி வாசலில் சொல்லப்படும் சீரியஸ் வேறொரு லத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. நட்சத்திரத்தின் பெயர் கிரேக்கம்: செய்ரியோஸ். ரோமானியர்கள் அதை லத்தீனில் சிரியஸ் என்று எழுதினார்கள். தமிழ் எழுத்தில் மூன்றும் அக்கம்பக்கத்தில் வந்து நின்றுவிட்டன, அவ்வளவுதான்.

அப்படியானால் செய்ரியோஸ் என்றால் என்ன அர்த்தம்?

'சுட்டெரிப்பது', 'தகிப்பது' என்றுதான் கிரேக்கர்களே பொருள் கொண்டார்கள். கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் வானத்தைப் பற்றிச் செய்யுள் எழுதிய அராட்டஸ், இந்த நட்சத்திரம் மற்றவற்றைவிடக் கடுமையாக எரிப்பதால் மக்கள் இதைச் செய்ரியோஸ் என்று அழைப்பதாகச் சொல்கிறார். கிரேக்க வைத்தியர்கள் குழந்தைகளுக்கு உச்சி வெயிலால் வரும் காய்ச்சலுக்கு 'செய்ரியாசிஸ்' என்று பெயர் வைத்திருந்தார்கள். நட்சத்திரத்தின் பெயர் நோய்க்கு ஏறுமளவு அந்தப் பொருள் ஊறிப்போயிருந்தது.

சொல்லின் வேரைத் தேடும் மொழியியலாளர்களில் சிலர் இன்னொன்றும் சொல்கிறார்கள். கிரேக்கத்தில் 'செய்யோ' என்றால் நடுங்குதல், குலுங்குதல். சிரியஸ் அடிவானத்தில் இருக்கும்போது துடிதுடித்து மின்னுவதைப் பார்த்தவர்களுக்கு இந்த விளக்கமும் பிடித்துப்போகும். எது மூலம் என்பதில் முடிவான தீர்ப்பு கிடையாது. கிரேக்கர்கள் வருவதற்கு முன்பே அந்த நிலத்தில் வழங்கிய சொல்லாக இருக்கலாம் என்போரும் உண்டு.

இந்தப் பெயரை முதலில் எழுதி வைத்தவர் யார்?

நமக்குக் கிடைத்திருக்கும் எழுத்துகளில் பழையது ஹீசியட் என்ற கிரேக்கக் கவிஞருடையது, ஏறக்குறைய கி.மு. 700. விவசாயிக்கு வேலை சொல்லும் செய்யுளில் அவர் இதைப் பயன்படுத்துகிறார். கோடையின் உச்சத்தில் சிரியஸ் தலையையும் முழங்காலையும் காய வைக்கிறது, அப்போது பாறை நிழலில் உட்கார்ந்து திராட்சை மது குடி என்கிறார். சிரியஸும் ஓரியனும் விடியலில் நடுவானுக்கு வரும்போது திராட்சைக் குலைகளை அறுத்து வீட்டுக்குக் கொண்டுவா என்கிறார். வானத்தைப் பார்த்து வேலை குறிக்கும் நம் ஊர்ப் பெரியவர்களுக்கு இந்த மனிதரோடு நன்றாகவே பேச்சு ஓடியிருக்கும்.

கிரேக்கக் கவிஞர் ஹோமரின் இலியட் காவியத்தில் நட்சத்திரம் வருகிறது, ஆனால் சிரியஸ் என்ற பெயர் இல்லை. ட்ராய் நகரக் கோட்டை மதிலில் நின்று கிழட்டு அரசன் பிரியாம் பார்க்கிறான். கவசம் மின்ன எதிரிப் படைவீரன் அக்கிலீஸ் சமவெளியில் ஓடி வருகிறான். அந்த மினுமினுப்பை, 'ஓரியனின் நாய்' என்று மக்கள் சொல்லும் நட்சத்திரத்தோடு ஒப்பிடுகிறார் ஹோமர். ஒளி மிகுந்தது, ஆனால் கெட்ட சகுனம், மனிதர்களுக்குக் காய்ச்சலைக் கொண்டுவருவது என்றும் சேர்த்துக்கொள்கிறார். பிரியாமின் மகன் ஹெக்டர் சாகப்போகும் இடம் அது.

சிரியஸ், சூரியன்: கேட்கும்போதே ஒன்றாக இருக்கிறதே? ஒரே சொல்தானே?

இந்தக் கேள்வி வராத கூட்டமே இல்லை. சிறுபிள்ளைத்தனமான கேள்வியும் அல்ல. ஆனாலும் பதில், இல்லை என்பதே. சமஸ்கிருத 'சூர்ய' என்பதற்குக் கிரேக்கத்தில் உள்ள உறவுச் சொல் 'ஹீலியோஸ்'. ஹீலியம் என்ற வாயுவின் பெயரில் இருப்பது அதுதான்.

காரணம் ஓர் ஒலி விதி. இரண்டுக்கும் தாயான மூல மொழியில் சொல்லின் முதலில், உயிரெழுத்துக்கு முன்னால் வந்த 'ச'கரம் சமஸ்கிருதத்தில் அப்படியே நின்றது. கிரேக்கத்தில் 'ஹ' ஆகிவிட்டது. ஏழு என்பது இங்கே 'சப்த', அங்கே 'ஹெப்டா'. பாம்பைக் குறிக்கும் 'சர்ப்ப' என்பதற்கு அங்கே 'ஹெர்ப்போ', ஊர்கிறேன் என்று பொருள். ஆகவே 'செய்ரியோஸ்' என்று சகரத்தோடு தொடங்கும் கிரேக்கச் சொல் 'சூர்ய'வின் உடன்பிறப்பாக இருக்க முடியாது. முன்பு சொன்ன 'நடுங்குதல்' விளக்கத்தை ஏற்றால், அதற்குச் சமஸ்கிருத உறவு வேறு: ஒளிர்தல், கொந்தளித்தல் என்ற பொருளுள்ள 'த்விஷ்'. காதுக்கு எட்டாத உறவுதான் உண்மை உறவாக இருக்கிறது.

இதை ஏன் 'நாய் நட்சத்திரம்' என்கிறார்கள்?

ஓரியன் வேடன். வேடனின் காலடியில், அவனுக்குப் பின்னாலேயே உதித்து வருவது அவனுடைய நாய். கிரேக்கர்களின் கதை இவ்வளவு எளியது. பேச்சில் வெறுமனே 'நாய்' என்றே குறிப்பிட்டார்கள். ரோமானியர்கள் 'கனிக்குலா' என்றார்கள், குட்டி நாய். கோடையின் கொடும் நாள்களை 'நாய் நாள்கள்' என்று ஆங்கிலத்தில் இன்றும் சொல்வது அங்கிருந்து வந்த வழக்கம். நாய்கள் வெயிலில் நாக்கைத் தொங்கப்போடுவதால் வந்த பெயர் என்று பலர் விளக்கம் சொல்கிறார்கள். அது பின்னால் ஒட்டவைத்த கதை.

இந்த நாயைக் கண்டு பயந்தவர்கள் அதிகம். ஏஜியன் கடலில் கேயா என்ற தீவு இருக்கிறது. சிரியஸ் தீவுகளை வறுத்தெடுத்தபோது அரிஸ்டேயஸ் என்பவர் வந்து அந்த நட்சத்திரத்துக்கும் மழை தரும் சூஸ் கடவுளுக்கும் மலைமேல் பலி கொடுத்தாராம். அதன்பின் நாற்பது நாள் குளிர்ந்த வடகாற்று வீசியதாம். ஒவ்வோர் ஆண்டும் அந்தத் தீவுக்காரர்கள் சிரியஸ் முதன்முதலில் உதிக்கும் விடியலுக்காகக் காத்திருப்பார்கள் என்று ரோமானிய எழுத்தாளர் சிசரோ குறித்திருக்கிறார். தெளிவாக உதித்தால் அந்த ஆண்டு நோய்நொடி இல்லை. மங்கலாக, புகை படிந்தாற்போல் உதித்தால் கொள்ளைநோய். அவர்களுடைய காசுகளில் கதிர்கள் சூழ்ந்த நாய் இருக்கிறது.

பண்டைய ரோமில் ஏப்ரல் 25 அன்று, பயிரில் துரு நோய் விழாமலிருக்க ஒரு நாயைப் பலியிடும் சடங்கு இருந்தது. ஏன் நாய் என்று பூசாரியிடம் கேட்டதாகவும், வானத்து நாய்க்குப் பதிலாகப் பூமி நாய் என்று அவர் சொன்னதாகவும் ரோமானியக் கவிஞர் ஓவிட் எழுதுகிறார். பூமி நாய் செய்த குற்றம் அதன் பெயர் மட்டும்தான்.

உண்மையிலேயே சிரியஸால்தான் வெயில் கூடுகிறதா?

இல்லை. இதை அந்தக் காலத்திலேயே சொன்னவர் உண்டு. கி.மு. முதல் நூற்றாண்டில் எழுதிய கெமினஸ் என்ற கிரேக்க வானியலார், நட்சத்திரத்துக்கு அப்படி ஒரு தனிச் சூடு கிடையாது, அது வெயில் காலத்தின் அடையாளமே தவிரக் காரணம் அல்ல என்று தெளிவாக வாதிடுகிறார். யாரும் காதில் போட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

நடப்பது இதுதான். ஆண்டில் சில வாரங்கள் சூரியன் சிரியஸ் இருக்கும் திசைக்கு அருகே வந்துவிடும். அப்போது அதைப் பார்க்க முடியாது. பிறகு ஒருநாள் விடியலுக்குச் சற்று முன்பு கிழக்கில் சில நிமிடங்கள் மட்டும் எட்டிப் பார்த்து வெளிச்சத்தில் கரையும். இதுவே முதல் உதயம். கிரேக்க நாட்டில் அந்த நாள் கோடையின் நடுவில் வந்தது. அதனால் 'எரிப்பது' என்று பெயர் வைத்தார்கள். நியூசிலாந்தின் மாவோரி மக்கள் இதே நட்சத்திரத்தைத் 'தாகுருவா' என்கிறார்கள். அவர்கள் மொழியில் அந்தச் சொல்லுக்குக் குளிர்காலம் என்றும் பொருள். பூமியின் தென்பாதியில் ஜூன், ஜூலை குளிர்காலம் அல்லவா? என் பார்வையில் சிரியஸின் பழம்பெயர்களில் பல, அந்த நட்சத்திரத்தைவிட அதைப் பார்த்தவர்களின் பருவத்தைத்தான் அதிகம் சொல்கின்றன.

எகிப்தியர்கள் இதை என்னவென்று அழைத்தார்கள்? நைல் வெள்ளத்தோடு சம்பந்தம் உண்டு என்கிறார்களே?

சோப்டெட். கிரேக்கர்கள் அதைச் 'சோதிஸ்' என்று திரித்தார்கள். எகிப்திய எழுத்தில் ஒரு கூர்மையான முக்கோணமும் ஒரு நட்சத்திரமும் போட்டு இதை எழுதுவார்கள். பெயரின் வேர்ச்சொல்லுக்குக் கூர்மை என்று பொருள். சோப்டெட் பெண் தெய்வம். பிற்காலத்தில் ஒசைரிஸ் கடவுளின் மனைவியான ஐசிஸோடு ஒன்றாகிவிட்டாள். டெண்டெரா கோயில் கூரையில் படகில் படுத்திருக்கும் பசுவாக, கொம்புகளுக்கு நடுவே நட்சத்திரத்தோடு இருக்கிறாள்.

சம்பந்தம் உண்டு. முன் பதிலில் சொன்ன முதல் உதயம், பண்டைய தலைநகரான மெம்பிஸில் பழைய ஜூலியன் நாள்காட்டிப்படி ஜூலை 19 வாக்கில் நிகழ்ந்தது. நைலில் வெள்ளம் ஏறத் தொடங்குவதும் அந்தச் சமயத்தில்தான். கிரேக்கனுக்குக் காய்ச்சலைக் கொண்டுவந்த அதே விடியல் எகிப்தியனுக்குப் புது வண்டலைக் கொண்டுவந்தது. ஆகவே அங்கே அது ஆண்டுப் பிறப்பு. உதயத்துக்கு முன் ஏறத்தாழ 70 நாள்கள் நட்சத்திரம் மறைந்திருப்பதை, அது பாதாள உலகில் தங்கியிருக்கும் காலம் என்றார்கள். இறந்தவரின் உடலைப் பதப்படுத்திப் புதைப்பதற்கும் 70 நாள்களே கணக்கு.

இதில் ஒரு சிக்கல். எகிப்திய அரசாங்க நாள்காட்டியில் ஆண்டுக்குச் சரியாக 365 நாள்; லீப் ஆண்டு கிடையாது. நான்கு ஆண்டுகளுக்கு ஒருநாள் வீதம் அது நழுவியது. நட்சத்திரத்தின் புத்தாண்டும் நாள்காட்டியின் புத்தாண்டும் மறுபடி ஒன்றுசேர 1460 ஆண்டுகள் ஆகும். கி.பி. 139இல் அப்படிச் சேர்ந்ததாக ரோமானிய எழுத்தாளர் சென்சோரினஸ் குறித்திருக்கிறார். கி.மு. 238இல் மூன்றாம் டாலமி மன்னன் காலத்தில், நான்கு ஆண்டுக்கு ஒருமுறை ஒருநாள் கூட்டலாம் என்று பூசாரிகள் தீர்மானம் போட்டுக் கல்லில் வெட்டியும் வைத்தார்கள். நடைமுறையில் அது நிற்கவில்லை.

ஒசைரிஸ் என்ற எகிப்தியக் கடவுளின் பெயர்தான் சிரியஸ் ஆனது என்று படித்தேன். சரியா?

இந்த எண்ணத்துக்கு வயது இரண்டாயிரத்துக்கும் மேல். கி.மு. முதல் நூற்றாண்டில் டியோடோரஸ் என்ற கிரேக்க வரலாற்றாசிரியர், சில பழைய கிரேக்கப் புலவர்கள் ஒசைரிஸைச் சிறு ஒலி மாற்றத்தோடு சிரியஸ் என்று அழைப்பதாக எழுதினார். ஆனால் எகிப்தியர்களின் சொந்தக் கணக்கில் ஒசைரிஸுக்கு உரியது ஓரியன். சிரியஸ் ஐசிஸுக்கு உரியது. புருஷன் பெயரை மனைவியின் நட்சத்திரத்துக்கு வைக்க வேண்டிய அவசியம் எகிப்தியர்களுக்கு இருக்கவில்லை. ஒலி ஒற்றுமையைத் தவிர இந்த வாதத்துக்கு வேறு ஆதாரம் கிடையாது. சூரியன் கேள்விக்குச் சொன்ன எச்சரிக்கை இங்கேயும் பொருந்தும்.

பாபிலோனியர்களுக்கும் பாரசீகர்களுக்கும் இது என்னவாக இருந்தது?

அம்பு. பாபிலோனியர்கள் அக்காடிய மொழியில் 'ஷுகூது' என்றார்கள். போர்த் தெய்வமான நினுர்த்தாவின் அம்பு. பக்கத்திலேயே வில்லையும் வைத்திருந்தார்கள்.

பாரசீகத்தில் இது திஷ்த்ரியா, மழையின் தெய்வம். அவெஸ்தா மறையில் இதற்கென்றே ஒரு துதிப்பாடல் இருக்கிறது. திஷ்த்ரியா வெள்ளைக் குதிரையாகக் கடலில் இறங்குகிறது; வறட்சி அரக்கன் அபவோஷ கறுப்புக் குதிரையாக எதிரே வருகிறான். முதல் சண்டையில் திஷ்த்ரியா தோற்று ஓடுகிறது, மக்கள் தனக்குப் பெயர் சொல்லிப் படைக்கவில்லை என்று புலம்புகிறது. படையல் கிடைத்ததும் பலம் பெற்றுத் திரும்பி வந்து வெல்கிறது, மழை பெய்கிறது. அதே பாடலில் அது பறக்கும் வேகத்துக்கு உவமையாக வருவதும் ஒரு வில்லாளியின் அம்பு.

நமக்கு ஒரு தூரத்து உறவு இங்கே இருக்கிறது. ரிக் வேதத்தில் 'திஷ்ய' என்றொரு நட்சத்திரம் வருகிறது; பெயரளவில் அதையும் திஷ்த்ரியாவையும் அறிஞர்கள் இணைத்துப் பேசுகிறார்கள். பிற்காலத்தில் திஷ்யம் என்ற பெயர் பூச நட்சத்திரத்துக்குப் போய்விட்டது. அதிலிருந்து வந்த 'தைஷ்யம்' என்ற மாதப் பெயரே நம் 'தை' என்பது மொழியறிஞர்கள் கூறும் விளக்கம். இதைக் கேட்டுவிட்டுத் தைப்பூசம் சிரியஸ் திருவிழா என்று கிளப்பிவிடாதீர்கள். பூசம் கடக ராசியில் இருக்கும் மங்கலான கூட்டம், சிரியஸ் வேறு.

குர்ஆனில் வரும் ஷிஃரா இதுதானா?

ஆம். 53ஆம் அத்தியாயமான அந்நஜ்மில் 49ஆம் வசனம், இறைவனே ஷிஃராவின் அதிபதி என்கிறது. அந்த அத்தியாயத்தின் பெயருக்கே நட்சத்திரம் என்றுதான் பொருள். குஸாஆ என்ற அரபுக் குலத்தார் இதை வணங்கிவந்ததாக விரிவுரையாளர்கள் குறிப்பிடுகிறார்கள். நீங்கள் வணங்கும் நட்சத்திரத்துக்கும் ஓர் அதிபதி இருக்கிறான் என்பது வசனத்தின் குறிப்பு.

அரபியில் இரண்டு ஷிஃராக்கள் உண்டு, அக்கா தங்கைகள். அவர்களோடு பிறந்தவன் சுஹைல். நாம் அகத்தியர் என்று சொல்லும் நட்சத்திரம் அது. சுஹைல் தெற்கே ஓடிவிட்டான். ஒருத்தி பால்வீதி என்ற ஆற்றைக் கடந்து அவனைத் தொடர்ந்தாள். அவள் 'அல்-அபூர்', கடந்தவள். அவளே சிரியஸ். மற்றவள் இக்கரையிலேயே நின்று அழுது அழுது கண் மங்கினாள். அவள் 'அல்-குமைஸா', புரோசியான் என்று இன்று சொல்லப்படும் நட்சத்திரம். நகர விளக்குகள் இல்லாத இடத்திலிருந்து பாருங்கள்: இருவருக்கும் நடுவே பால்வீதி ஓடுவது தெரியும், சிரியஸ் மட்டும் சுஹைல் பக்கமாகத் தள்ளி நிற்கும்.

ஷிஃராவும் செய்ரியோஸும் ஒரே மூலத்திலிருந்து வந்தவையா என்று சிலர் யோசித்திருக்கிறார்கள். முடிவு காணாத விவாதம்.

மற்ற நட்சத்திரங்களுக்கெல்லாம் அரபுப் பெயர் இருக்கும்போது இதற்கு மட்டும் ஏன் கிரேக்கப் பெயர் நின்றது?

இதற்கு மட்டும் அல்ல; புரோசியான், ஆர்க்டுரஸ் போன்றவையும் கிரேக்கம்தான். ரைகல், ஆல்டெபரான், வேகா எல்லாம் அரபு நூல்களும் கருவிகளும் ஐரோப்பாவுக்குப் போனபோது உடன் போன பெயர்கள். சிரியஸைப் பொறுத்தவரை போட்டி நடக்கவே செய்தது. அஸ்ட்ரோலேப் என்ற வானியல் கருவியில் நடுக்கால ஐரோப்பியர்கள் இதை 'அல்ஹபோர்' என்று பொறித்தார்கள். மேலே சொன்ன அல்-அபூர்தான் அது. ஆங்கிலக் கவிஞர் சாசர் 1391 வாக்கில் அந்தக் கருவியைப் பற்றி எழுதும்போது 'அல்ஹபோர் என்னும் அழகிய வெள்ளை நட்சத்திரம்' என்கிறார். லத்தீன் கவிதைகளைப் படித்தவர்கள் வாயில் சிரியஸ் இடைவிடாமல் புழங்கியதால் கடைசியில் அதுவே வென்றது. சர்வதேச வானியல் ஒன்றியம் 2016இல் நட்சத்திரப் பெயர்களை முறைப்படுத்தியபோது சிரியஸ் என்றே பதிவு செய்தது.

நம் பஞ்சாங்கத்தில் இது ஏன் இல்லை? நமக்குப் பெயரே கிடையாதா? திருவாதிரைதான் இது என்றார் ஒருவர்.

திருவாதிரை இது அல்ல. ஓரியனின் தோளில் செந்நிறமாக இருப்பது அது. அகத்தியரும் இது அல்ல. இன்னும் தெற்கே, ஒளியில் இரண்டாம் இடத்தில் இருப்பது அகத்தியர். பஞ்சாங்கத்தின் 27 நட்சத்திரங்களும் சந்திரன் போகும் பாதையை ஒட்டிய வழிக்குறிகள். சூரியன் செல்லும் பாதைக்கு ஏறக்குறைய 40 டிகிரி தெற்கே ஒதுங்கியிருக்கிறது சிரியஸ். எவ்வளவு பிரகாசம் இருந்தும் பட்டியலில் இடமில்லை.

பெயர் உண்டு: மிருகவியாதன், மானை எய்த வேடன். ஐதரேயப் பிராமணம் என்ற வேத நூலில் கதை வருகிறது. பிரஜாபதி மான் வடிவெடுத்துத் தன் மகளையே துரத்துகிறான். தேவர்கள் தங்கள் கொடிய வடிவங்களைத் திரட்டி உருவாக்கிய தெய்வம் அவனை அம்பால் எய்கிறது. எய்யப்பட்டவன் மான்தலையாகிய மிருகசீரிடம், ஓடியவள் ரோகிணி, எய்தவன் மிருகவியாதன், மூன்று துண்டான அம்பு ஓரியனின் நடுவில் உள்ள மூன்று நட்சத்திரங்கள். முதல் பதிலில் அடையாளம் காட்டினேனே, அந்த வரிசை. அம்பை ஒரு முனையில் நீட்டினால் வேடன், மறுமுனையில் ரோகிணி; கதை அப்படியே வானத்தில் கிடக்கிறது. சூரிய சித்தாந்தம் என்ற பழைய வானியல் நூல் இதன் இடத்தையும் குறிக்கிறது: மிதுனத்தில் 20 பாகை, தெற்கே 40 பாகை. இன்றைய அளவீட்டில் தெற்கு விலகல் 39.6. இந்தி, வங்காள, மராத்தி நூல்களில் லுப்தகன் என்ற பெயரைக் காணலாம். அதற்கும் வேடன் என்றே பொருள். கிரேக்கர்களுக்கு வேடனின் நாய், இங்கே வேடனே.

சீனர்கள் இதை ஓநாய் என்கிறார்களாம். கிரேக்கர்களிடமிருந்து எடுத்ததா?

'தியான்லாங்', வானத்து ஓநாய். தென்கிழக்கே வில்லும் அம்புமாக ஒரு நட்சத்திரக் கூட்டத்தை வரைந்து ஓநாயைக் குறிபார்க்க வைத்திருக்கிறார்கள். ஓநாய் கொள்ளைக்கும் படையெடுப்புக்கும் அறிகுறி. பண்டைய சீனத்தின் ச்சூ நாட்டுப் பழம்பாடல் ஒன்றில் சூரிய தேவன் நீண்ட அம்பெடுத்து இந்த ஓநாயை எய்கிறான். கடன் வாங்கினார்கள் என்று காட்ட எதுவும் இல்லை. பாபிலோனில் வில்லில் பூட்டிய அம்பாக இருந்தது சீனத்தில் அம்புக்கு இலக்காகிவிட்டது. எனக்கு ஓநாயைவிட வியப்பாக இருப்பது இந்த வில்தான்.

டாலமி இதைச் சிவப்பு நட்சத்திரம் என்று எழுதினாராமே? இப்போது வெள்ளையாகத்தானே இருக்கிறது?

உண்மைதான். கி.பி. 150 வாக்கில் வானியலார் டாலமி (முன்பு சொன்ன மன்னன் அல்ல) இதைச் செந்நிற நட்சத்திரங்களோடு சேர்க்கிறார். அதற்கு முன் ரோமானிய எழுத்தாளர் செனெகா, செவ்வாயைவிட இதன் சிவப்பு கடுமை என்கிறார். இவர்களை மட்டும் படித்தால் குழப்பம்தான். ஆனால் ரோமானியக் கவிஞர் மனிலியஸ் இதை நீலம் என்கிறார். கி.மு. 100 வாக்கில் சீன வரலாற்றாசிரியர் சிமா சியான் நிறங்களுக்கு உதாரணம் காட்டும்போது, வெள்ளைக்கு ஓநாய், சிவப்புக்குக் கேட்டை நட்சத்திரம் என்று வகைப்படுத்துகிறார். நிறத்தைச் சொல்வதற்கென்றே எழுதிய வரி அது. நான் அதைத்தான் நம்புவேன்.

சிரியஸுக்கு ஒரு துணை உண்டு. 1862இல் தொலைநோக்கியில் பிடிபட்ட வெண்குறுமீன், அதாவது எரிபொருள் தீர்ந்து சுருங்கிப்போன நட்சத்திரம். அது முன்பு செம்பெருமீனாக, அதாவது ஊதிப் பெருத்த சிவப்பு நட்சத்திரமாக இருந்தது, அதனால் சிவப்பாகத் தெரிந்தது என்று ஒரு வாதம். அந்த மாற்றம் பத்துக் கோடி ஆண்டுகளுக்கும் முன்பே முடிந்துவிட்டது. பொருத்தமான விளக்கம் எளியது: கிரேக்கரும் ரோமானியரும் இதை ஆவலோடு பார்த்தது முதல் உதயத்தில், அடிவானத்தை ஒட்டி. அங்கே தடித்த காற்று எந்த நட்சத்திரத்தையும் சிவக்க வைக்கும். சிரியஸ் அங்கே சிவப்பும் பச்சையும் நீலமுமாக மாறி மாறித் துடிக்கும். பறக்கும் தட்டு பார்த்ததாக எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் பல இந்தத் துடிப்பைப் பற்றியவையே.

ஆப்பிரிக்காவின் டோகோன் பழங்குடியினர் அந்தத் துணை நட்சத்திரத்துக்கே பெயர் வைத்திருந்தார்கள், வேற்றுக்கிரகவாசிகள் சொல்லிக்கொடுத்தார்கள் என்கிறார்களே?

மாலி நாட்டில் வாழும் டோகோன் மக்களிடம் அப்படியொரு மரபு இருப்பதாக, மார்செல் கிரியோல், ஜெர்மேன் டீட்டர்லென் என்ற பிரெஞ்சு மானிடவியலாளர்கள் 1950இல் எழுதினார்கள். வேற்றுக்கிரகவாசிகளைச் சேர்த்தது 1976இல் வந்த ஒரு நூல். பின்னர் அதே மக்களிடையே ஆண்டுக்கணக்கில் தங்கி ஆய்வு செய்த வால்டர் வான் பேக், சிரியஸ் இரட்டை நட்சத்திரம் என்ற அறிவு அங்கே பொதுவழக்கில் இல்லை என்று 1991இல் வெளியிட்டார். 1862க்குப் பிறகு, குறிப்பாக 1920களில், இந்தத் துணை நட்சத்திரம் ஐரோப்பாவில் பரபரப்பான செய்தி. கேள்வி கேட்கப் போன வெளியாரிடமிருந்தே கதை டோகோன் மக்களிடம் போய்ச் சேர்ந்திருக்க எல்லா வாய்ப்பும் உண்டு.

அந்த முதல் உதயம் இன்றும் அதே நாளில்தான் நிகழ்கிறதா? நம் ஊரில் எப்போது பார்க்கலாம்?

பூமியின் அச்சு மெல்லச் சுழல்வதால் நட்சத்திரங்களின் உதய நாள்கள் பருவங்களோடு ஒப்பிடும்போது நகர்ந்துகொண்டே இருக்கும். எகிப்தில் இன்று அது ஆகஸ்ட் முதல் வாரம். ஏதென்ஸில் இன்னும் தள்ளி, ஆகஸ்ட் நடுவில். ஆனால் சிரியஸ் இருக்கும் இடத்தின் விசேஷத்தால், அதன் உதயங்களுக்கு இடைப்பட்ட காலம் பண்டைய எகிப்தில் ஏறத்தாழ 365.25 நாளாகவே நிலைத்திருந்தது. அதனால்தான் ஜூலியன் கணக்கில் ஜூலை 19 என்ற நாள் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் அதிகம் பிசகவில்லை.

இடத்தைப் பொறுத்தும் நாள் மாறும். ஒரு டிகிரி தெற்கே போனால் ஏறக்குறைய ஒருநாள் முன்னதாகத் தெரியும். அறிஞர்கள் இதற்காகச் சண்டை போடுகிறார்கள். மூன்றாம் செனுஸ்ரெட் மன்னனின் ஏழாம் ஆட்சியாண்டில் சோப்டெட் எந்த நாளில் உதிக்கும் என்று ஒரு பப்பைரஸ் ஓலை சொல்கிறது. அதைப் பார்த்தவர்கள் மெம்பிஸில் நின்றார்களா, தெற்கே அஸ்வான் பக்கம் நின்றார்களா என்பதைப் பொறுத்து அந்த மன்னனின் காலமே இருபது ஆண்டுகளுக்குமேல் முன்பின் ஆகும்.

தமிழ்நாட்டிலும் யாழ்ப்பாணத்திலும் எகிப்துக்கு முன்பே, ஜூலை கடைசி வாரத்தில் முயன்று பார்க்கலாம். ஆடி மாத மேகம் இடம் கொடுக்க வேண்டும். கிழக்கே மறைப்பில்லாத இடம் தேவை, கடற்கரை நல்லது. சூரிய உதயத்துக்கு முக்கால் மணி நேரம் முன்பே போய், ஓரியனின் மூன்று நட்சத்திரங்களுக்குக் கீழே, கிழக்குக்குச் சற்றுத் தெற்கே பாருங்கள். முதல் நாள் தெரியாவிட்டால் மறுநாள் நான்கு நிமிடம் முன்னதாக எழும். அந்த வாரம் முடிவதற்குள் சிக்கிவிடும்.